வரவேண்டிய தொகை

தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது வளைவு.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
மங்களூரிலிருந்து வந்த டேங்கர்
சண்டி மாடு போலப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.
இருபத்திரண்டாயிரம் லிட்டர் பாமாயில்
தாரில் வழிந்து, ஓடையில் இறங்கி,
எங்கள் ஊராட்சிக்குள் வந்து சேர்ந்தது.

எல்லைக்கல் நான் நின்று நடவைத்ததுதான்.
இருபதடி தள்ளி நட்டிருந்தால்
பக்கத்து ஊராட்சிச் செயலர்
இந்நேரம் இதை எழுதிக்கொண்டிருப்பார்.

பொக்லைன் ஒன்பது மணி நேரம்: பத்தாயிரத்து எண்ணூறு.
செம்மண் பதினோரு நடை: பதினாறாயிரத்து ஐந்நூறு.
மரத்தூள் பதினான்கு மூட்டை: இரண்டாயிரத்து நூறு.
தண்ணீர் வண்டி ஆறு முறை: நாலாயிரத்து எண்ணூறு.
ஜெனரேட்டர், டீசல்: மூவாயிரத்து நானூறு.
தூய்மைப் பணியாளர் ஏழு பேர், இரண்டு நாள்: ஏழாயிரம்.
நூற்றியெட்டு காசு கேட்கவில்லை.
தீயணைப்பு வண்டியும் பில் நீட்டவில்லை.
எங்களுக்குத்தான் மண்ணும் காசு.

தீர்மானம் எண் ஏழு:
விபத்துக்குக் காரணமான நிறுவனத்திடமிருந்து
மேற்படி தொகை நாற்பத்து நாலாயிரத்து அறுநூறை
வசூலிக்க மன்றம் ஏகமனதாக.
ஏகமனதாக என்றால்
ஒன்பது பேரில் ஆறு பேர் வந்திருந்தார்கள்,
நாலு பேர் விழித்திருந்தார்கள்.

தபாலில் போடும் அன்று நஞ்சம்மாள் வந்தாள்.
"எம் பொடவைய எழுதுனியா?"

கேபின் கண்ணாடியைக் கடப்பாரையால் உடைத்து
ஓட்டுநர் ஹனுமந்தப்பாவை வெளியே இழுத்தவள்.
அவர் தொடையில் இறுக்கிக் கட்டியது அவள் புடவை.
"வவுச்சர் இருக்கா?" என்றேன்.
"பாதிப் பொடவ இருக்கு."
பாதிப் புடவையைத் தணிக்கையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.
சொன்னேன்.
அவள் சிரித்தாளா காறினாளா,
முற்றம் வரை போய்விட்டதால் தெரியவில்லை.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது,
பதிவுத் தபாலில், வக்கீல் தலைப்போடு.
வேறு டேங்கருக்கு மாற்றிய எண்ணெய் இவ்வளவு,
மண்ணில் ஊறியது இவ்வளவு,
தங்கள் ஊராட்சி மக்கள் எடுத்துச் சென்றது
மூவாயிரம் லிட்டர்.
லிட்டர் தொண்ணூற்றாறு ரூபாய் வீதம்
இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.
தங்கள் பில்லைக் கழித்துக்கொண்டு
எங்களுக்கு வரவேண்டியது
இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து நானூறு.
புகைப்படங்கள் இணைப்பு: பன்னிரண்டு.

பார்த்தேன்.
முதல் படத்தில் கோயில் பொங்கல் அண்டா.
மூன்றாவதில் சத்துணவுக் கூடத்துப் பானை.
ஐந்தாவதில் வார்டு உறுப்பினர் மாதையன்,
வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையிலும் பெயின்ட் வாளி.
எட்டாவதில் ஒரு பித்தளைக் குடம்.
ஆள் முகம் தெரியவில்லை. குடத்தின் வாய் நெளிந்திருந்தது.
நெளிவை நான் அறிவேன்.
மாமனார் வீட்டுச் சீர்.

அந்த வாரம் முழுக்க ஊரே மணத்தது.
மத்தியானமும் பூரி, இராத்திரியும் பூரி.
பொரிக்க ஒன்றுமில்லாதவர்கள் அப்பளம் பொரித்தார்கள்.
நஞ்சம்மாள் வீட்டில் மட்டும் வழக்கம்போல் களி.
அன்றைக்கு அவள் கை இரண்டும்
ஒரு மனுசனைப் பிடித்திருந்தன.

பொக்லைன்காரர் பச்சியப்பன்
திங்கட்கிழமை தவறாமல் போன் செய்கிறார்.
ஹனுமந்தப்பாவும் ஒருமுறை பேசினார்,
சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து, உடைந்த தமிழில்:
கேபினில் ஒரு டிபன் கேரியர் இருந்ததாம்,
யாராவது எடுத்தார்களா என்று.
அந்த அம்மா பெயர் என்ன என்று.

பெயரைச் சொன்னேன்.
பிறகு பழைய பில்லை எடுத்து
மரத்தூளுக்குக் கீழே, கூட்டுத்தொகைக்கு மேலே,
இருந்த சந்தில்
புடவை ஒன்று, பாதி, என்று எழுதப் போனேன்.

காகிதத்தில் அந்த இடம் பளபளவென்றிருந்தது.
எண்ணெய் விரல் பட்டிருக்கிறது.
பேனா வழுக்கியது.
உதறிப் பார்த்தேன், நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.
வேறு பேனாவும் எழுதவில்லை.